யார் மேலும் பெய்யாத பிள்ளை

ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் கைக்குழந்தைக்குப் பஞ்சமே கிடையாது. ஆண் பிள்ளையை எவளாவது ஆசையாகத் தூக்கினால் அது மேலே பீய்ச்சி அடிக்கும். தூக்கினவள் சேலையை உதறிக்கொண்டு, "பன்னீர் தெளிச்சிட்டான்டி" என்று சிரிப்பாள். அது அங்கே அன்றாட வேடிக்கை. என் மகன் மட்டும் நாலு மாசம் ஆகியும் ஒருத்தர் மேலும் பெய்யவில்லை. மரியாதை தெரிந்த பிள்ளை என்று மெச்சினார்கள். ஹார்பர் துரை மாதிரி நடந்துக்கிறான் பாரு என்றார்கள். நானும் அதைக் கேட்டுப் பூரித்துப் போவேன்.

அவன் தூளித்துணி மட்டும் எந்நேரமும் ஈரமாகவே இருக்கும். மாற்றின துணி சூடு ஆறுவதற்குள் மறுபடி ஈரம். கொடியில் அவன் துணிதான் எப்போதும் தொங்கும். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நாலும் ஆறும் பெற்றவர்கள் அந்த வரிசையில் எத்தனை பேர் இருந்தார்கள்! துணி நனைகிறது, ஆனால் பிள்ளை பெய்வதை யாருமே கண்ணால் பார்க்கவில்லையே என்று ஒருத்திக்காவது உறைத்திருக்க வேண்டாமா? எங்கே உறைக்கும், மரியாதையை மெச்சுவதற்கே வாய் சரியாக இருந்தது.

வீட்டில் பெரியவர்கள் நாங்கள் மூன்று பேர். என் வீட்டுக்காரர் ஹார்பர் ஒர்க்ஷாப்பில் பாய்லர் ஃபிட்டர். அவருடைய அக்கா, என் நாத்தனார், புருஷன் போனதிலிருந்து எங்களோடுதான் இருந்தாள். காசிமேட்டில் கருவாடு விற்பாள். தம்பியை வளர்த்து ஆளாக்கினவள் என்பதால் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். எனக்கும் அவளுக்கும் நாளுக்கு ஒரு வாய்ச்சண்டையாவது நடக்காமல் அடுப்பு அணையாது. ஆனால் பிள்ளை என்று வந்தால் அவள் வேறு ஆள். கூடையை இறக்கி, கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவி, மோந்து பார்த்த பிறகுதான் அவனைத் தொடுவாள்.

பிள்ளைக்கு வயிறு உப்பத் தொடங்கியது. கை கால் குச்சியாகிக்கொண்டே போனது, வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. குடித்த பாலைக் கக்கினான். முக்குவான், முகம் சிவக்கும், பிறகு சோர்ந்து படுத்துவிடுவான். மாந்தம் என்று வரிசை முழுக்கத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். நாத்தனார் வசம்பும் ஜாதிக்காயும் உரைத்து ஊற்றினாள். கேட்கவில்லை. பிறகு காய்ச்சல் வந்தது. அப்போது பக்கத்து வீட்டுக்காரி, காத்திவாக்கத்தில் ஒருத்தன் இருக்கிறான், மஞ்சளைச் சுட்டு வயிற்றில் வைத்தால் மாந்தம் ஓடிவிடும், என் பிள்ளைக்கு வைத்தேன் என்றாள். நாத்தனாரும் அரை மனசாகத் தலையை ஆட்டினாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவன் வரட்டும், முதல் சூடு எனக்குப் போடட்டும், அப்புறம் பிள்ளையைத் தொடட்டும் என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டினார். கை ரிக்‌ஷா பிடித்தோம், பிறகு டிராம் ஏறினோம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை பிள்ளை என் மடியில் அனலாகக் கொதித்தான்.

குழந்தைகள் வார்டு டாக்டர் நரைத்த தலைக்காரர், சிடுசிடுப்பானவர். காய்ச்சல், வாந்தி எல்லாம் கேட்டுவிட்டு, மூத்திரம் எப்படிப் போகிறான் என்றார். அதுக்கு ஒரு குறையும் இல்லை சாமி, நாளெல்லாம் போகிறான், துணி காய்வதே இல்லை என்றேன். போகிறானா என்று கேட்கவில்லை, எப்படிப் போகிறான் என்று கேட்டேன் என்றார். இதென்ன கேள்வி, எல்லாப் பிள்ளையும் போகிற மாதிரிதான் என்று நானும் முறைத்தேன். அவர் பிள்ளையின் துணியை அவிழ்த்து மேஜைமேல் மல்லாக்கப் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாங்களும் நின்றோம்.

அவன் முக்கினான். முகம் சிவந்தது. நுனியில் ஒரு சொட்டு திரண்டு வழிந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சொட்டு. அவ்வளவுதான். டாக்டர் அடிவயிற்றை லேசாக அழுத்தினார், இரண்டு சொட்டு சேர்ந்து வந்தது. பிறகு என் கையைப் பிடித்துத் தொப்புளுக்குக் கீழே வைத்தார். உள்ளே விளாம்பழம் மாதிரி கெட்டியாக உருண்டையாக ஒன்று இருந்தது. நாலு மாசம் குளிப்பாட்டின என் கைக்கு அது தட்டுப்படவே இல்லை.

"இது மாந்தம் இல்லம்மா. மூத்திரப் பை. இவன் மூத்திரம் போகல. கீழே அடைப்பு, நிரம்பின பானை வழியுது" என்றார்.

பிறகு விலாவுக்குக் கீழே இரண்டு பக்கமும் என் விரலை வைத்துக் காட்டினார். அங்கேயும் உப்பலாக ஏதோ இருந்தது. சிறுநீரகம், அங்கே கைக்குத் தட்டுப்படவே கூடாது என்றார்.

அன்றைக்கே ஒரு மெல்லிய ரப்பர் குழாயை மூத்திரம் வருகிற வழியாகவே உள்ளே விட்டார்கள். அடைப்பு என்கிறார்களே, குழாய் எப்படிப் போகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அது வழுக்கிக்கொண்டு போய்விட்டது. மூத்திரம் கொட்டியது. கொஞ்சம் விட்டதும் டாக்டர் குழாயை இறுக்கிப் பிடித்து நிறுத்தினார். பொறுத்து இன்னும் கொஞ்சம் விட்டார். எல்லாவற்றையும் ஒரேயடியாக இறக்கினால் உள்ளே ரத்தம் கசியும், பிள்ளை துவண்டுவிடும் என்றார். வயிறு சிறுகச் சிறுக இறங்கியதைப் பார்த்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

குழாய் வழியாகவே மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து என் வீட்டுக்காரரிடம் காட்டினார். பையிலிருந்து சிறுநீரகத்துக்குப் போகிற குழாய்கள் நூல் மாதிரி இருக்க வேண்டியவையாம். படத்தில் அவை குடல் மாதிரி பருத்துச் சுருண்டு கிடந்தன. மூத்திரம் போக வழியில்லாமல் மேலேயே திரும்பி ஏறி, இரண்டு சிறுநீரகத்தையும் ஊத வைத்திருந்தது. இடது பக்கம் ஏறக்குறைய வெறும் பை, வலது பக்கம் கொஞ்சம் தப்பித்திருக்கிறது, அதுவும் எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது என்றார். பைக்குக் கீழே, வருகிற வழியில், பிறக்கும்போதே ஒரு சவ்வு இருக்கிறது. உள்ளே குழாயை விட்டால் ஒதுங்கி விடுகிறது, மூத்திரம் வெளியே வந்தால் விரிந்து மூடிக்கொள்கிறது என்றார்.

"நான்-ரிட்டர்ன் வால்வு சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

அதேதான் என்றார் டாக்டர். என் வீட்டுக்காரர் வராந்தாவுக்குப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். பாய்லரில் போகிற வழியை அடைத்துவிட்டு நெருப்பு மூட்டிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று தனக்குத் தெரியும், நாலு மாசமாகப் பிள்ளைக்குள்ளே அதுதான் நடந்திருக்கிறது என்று என்னிடம் மெல்லச் சொன்னார். அந்த மனுஷன் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சவ்வை உடனே அறுக்க முடியாது என்றார்கள். மூத்திரத்தோடு போக வேண்டிய உப்பு ரத்தத்தில் ஏறிக் கிடக்கிறது, மயக்க மருந்தைப் பிள்ளை தாங்காது. முதலில் தொப்புளுக்குக் கீழே சின்னதாகத் துளை போட்டு, மூத்திரப் பையிலிருந்து நேராக ஒரு குழாயை வெளியே எடுத்துக் கட்டிலுக்குக் கீழே சீசாவில் விடுவது. மூத்திரம் தடையில்லாமல் வடிய வடிய ரத்தம் சுத்தமாகும், பிள்ளைக்குத் தெம்பு வரும். அப்புறம் சவ்வு.

துளை போட எடுத்துப் போகும் முன்னால் வார்டு ஆயா பிள்ளையின் அரைஞாண் கயிற்றைக் கத்தரியால் நறுக்கென்று வெட்டினாள். ஆபரேஷனுக்குக் கயிறு கியிறு எதுவும் கூடாதாம். எங்கள் ஜனங்களில் பிறந்த பிள்ளைக்கு இடுப்பில் கட்டுகிற கயிறு, பழசானால் புதுசைக் கட்டின பிறகுதான் பழசை எடுப்போம். வெறும் இடுப்பாக விடமாட்டோம். அறுத்து வெறுமையாக விடுவது பிணத்துக்குத்தான். என் நாத்தனார் பக்கத்தில் நின்றிருந்தாள். கீழே விழுந்த கயிற்றைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

குழாய் போட்ட பிறகு முதலில் சீசா ரொப்ப ரொப்ப வந்தது. இவ்வளவு சின்ன உடம்பில் இவ்வளவு தண்ணீர் எங்கே இருந்தது என்று மலைத்துப் போனேன். வெளியே போகிற அளவுக்கு உள்ளேயும் போக வேண்டும், இல்லாவிட்டால் வற்றிவிடுவான் என்று நர்ஸம்மா ஊசி வழியாக உப்புத் தண்ணீர் ஏற்றினாள், என்னை ஓயாமல் பால் கொடுக்கச் சொன்னாள். டாக்டர் என்னிடம் ஒரே ஒரு வேலையைத்தான் ஒப்படைத்தார்.

"சொட்டு விழுதான்னு பார்த்துக்கிட்டே இரு. நின்னா அந்த நிமிஷம் கூப்பிடு. அது நிக்கிற நேரமெல்லாம் மூத்திரம் மேலே ஏறும். இவன்கிட்ட மிச்சமிருக்கிறது ஒரே ஒரு சிறுநீரகம், அதுவும் பாதி."

அதற்கப்புறம் எனக்கு உலகமே அந்தச் சீசாதான். சோறு தின்னும்போதும் குனிந்து பார்ப்பேன். பக்கத்துக் கட்டில்காரி பேசினால் பாதிக் காது அவளுக்கு, பாதிக் காது சொட்டுக்கு. பிள்ளையின் முகத்தில் ரத்தம் ஊறியது. வாந்தி நின்றது. தொடையில் கொஞ்சம் சதை பிடித்தது. ஒருநாள் டாக்டரின் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிடுமூஞ்சியும் சிரித்துவிட்டு, உப்பு இறங்கிக்கொண்டு வருகிறது, சீக்கிரம் சவ்வை எடுத்துவிடலாம் என்றார். உசிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அந்த மதியம் நாத்தனார் சாப்பாடு கொண்டுவந்தாள். நான் பார்த்துக்கிறேன், நீ போய்க் குளிச்சிட்டு வா என்றாள். வார்டுக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குப் போய்க் குளித்து, பிள்ளைத் துணியையும் கசக்கிப் பிழிந்துகொண்டு வந்தேன். பிள்ளை போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் முகம் ரொம்ப நாளைக்குப் பிறகு தெளிவாக இருந்தது. கடைக்குப் போகணும் என்று கிளம்பிவிட்டாள். நான் சாப்பிட்டேன். பிள்ளை விழித்து நசநசவென்று அழுதான். பால் கொடுத்தேன், தலையைத் திருப்பிக்கொண்டான். பிறகு கக்கினான். பழைய மாதிரியே முக்கினான்.

குனிந்து பார்த்தேன். நான் குளிக்கப் போகும்போது சீசாவில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவேதான் இருந்தது. தரையில் முட்டி போட்டுச் சீசா வாயையே பார்த்தேன். சொட்டு இல்லை.

நர்ஸம்மாவைக் கூவினேன். கசடு அடைத்திருக்கும், தண்ணீர் விட்டுக் கழுவலாம் என்று அவள் ஊசிக்குழல் எடுக்க ஓடினாள். நான் போர்வையை விலக்கித் துணியை அவிழ்த்தேன். இடுப்பில் புதுக் கறுப்புக் கயிறு. மூன்று சுற்று. பிள்ளை உதைத்தால் குழாய் பிடுங்கிக்கொள்ளுமோ என்று பயந்து, குழாயையும் சேர்த்து உள்ளே மடக்கி, நாத்தனார் பதமாகத்தான் கட்டியிருக்கிறாள். ஆனால் மடங்கின குழாய் வழி விடாமல் மூத்திரம் தேங்கித் தேங்கி வயிறு உப்ப, கயிறு இறுகிவிட்டது. வயிறு உப்ப உப்பக் கயிறு இறுகியது, கயிறு இறுக இறுகக் குழாய் நசுங்கியது. கயிறு சதைக்குள் புதைந்து கிடந்தது.

முடிச்சு ஈரத்தில் ஊறி அவிழவே இல்லை. நகம் ஒடிந்தது. குனிந்து பல்லால் கடித்தேன். பிள்ளை வீறிட்டான். மூன்று சுற்றையும் கடித்து அறுத்துத் துப்பினேன். குழாய் நிமிர்ந்தது. சீசாவில் மூத்திரம் அடித்துக்கொண்டு விழுந்தது. முதலில் கலங்கலாக, பிறகு சிவப்பாக.

சாயங்காலத்துக்குள் காய்ச்சல் ஏறிவிட்டது. பென்சிலின் ஊசி போட்டார்கள். டாக்டர் வந்து அறுந்த கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஆபரேஷன் இப்போதைக்கு இல்லை என்றார். வலது சிறுநீரகம் இதைத் தாங்கியதா இல்லையா என்பது ரத்தத்தில்தான் தெரியும், அதுவரை காத்திரு என்றார்.

மறுநாள் நாத்தனார் சிரித்த முகத்தோடு தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். வார்டே திரும்பிப் பார்க்க நான் கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். என் பிள்ளையைக் கொல்லப் பார்த்தியா என்று கேட்டேன். இனிமேல் அவன் மேல் உன் விரல் பட்டால் மனுஷியாக இருக்கமாட்டேன் என்றேன். அவள் முதலில் புரியாமல் விழித்தாள். பிறகு கட்டிலுக்கடியில் கிடந்த கயிற்றுத் துண்டைப் பார்த்தாள்.

"தர்காவுல மந்திரிச்சு வாங்கினாந்தேம்மே" என்றாள். "எம் புள்ளைக்கு அத்த அறுத்தப்ப நான்தான் மடியில வெச்சிகினு இருந்தேன். இவன வெறும் இடுப்பா பார்க்க என்னால முடியல."

அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்து போனது என்று எனக்குத் தெரியும். மடியில் வைத்திருந்தாள் என்பது தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைக்கு நான் கத்தித்தான் இருப்பேன். இன்றைக்குக் கேட்டாலும் நான் கத்தியது சரிதான் என்றுதான் சொல்வேன். பெற்ற வயிறு நியாயம் பார்க்காது. அவள் தூக்குச் சட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அப்புறம் தினமும் சாப்பாடு வந்தது, அவள் மட்டும் வார்டுக்குள் கால் வைக்கவில்லை. வராந்தாவில் நின்று ஆயாவிடம் கொடுத்தனுப்பிவிட்டு, பிள்ளையின் அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போவாளாம். நான் கூப்பிடவில்லை.

காய்ச்சல் மெல்ல இறங்கியது. ரத்தத்தில் ஏறின உப்பும் ஒரு கட்டத்தில் நின்று, மறுபடி இறங்கியது. வலது பக்கம் தாங்கிக்கொண்டது, இதுக்கு மேலே சோதிக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். ஒரு வழியாகச் சவ்வை எடுத்தார்கள். உள்ளே இருந்த புண் ஆறும்வரை பொறுத்தார்கள். பிறகு ஒரு காலையில் டாக்டரே வந்து, வயிற்றுக் குழாயில் ஒரு கிளிப்பைப் போட்டு மூடினார். இனி இவன் தானாகப் பெய்ய வேண்டும், பெய்தால் குழாயை எடுத்துவிடலாம், பெய்யாவிட்டால் சாயங்காலம் திறந்துவிடுகிறேன் என்றார். திறந்தால் அப்புறம் என்ன என்று கேட்டேன். பை அவ்வளவு நாள் விறைத்துக் கிடந்து சுருங்கித் தள்ளவே மறந்திருந்தால் குழாயோடுதான் வாழ வேண்டும், குழாயோடு இவ்வளவு சின்னப் பிள்ளை ரொம்ப நாள் தாங்காது என்று மூடி மறைக்காமல் சொன்னார்.

எந்தக் குழாய் மூடக்கூடாது என்று உசிரைக் கொடுத்துக் காவல் இருந்தேனோ, அதையே மூடிவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார்கள். பால் கொடுத்தேன். காத்திருந்தேன். மறுபடி பால் கொடுத்தேன். வெயில் உச்சியைத் தாண்டியது. கீழ் வயிறு உருண்டையாக எழும்பத் தொடங்கியது. ஒன்றிரண்டு சொட்டு வழிந்து துணி ஈரமானது. அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்தேன். பழையபடிதானா? பிள்ளை வீறிட்டு அழுதான். தோளில் போட்டேன், மடியில் போட்டேன், எதற்கும் அடங்கவில்லை. கையில் நிற்காமல் திமிறினான். கீழே போட்டுவிடுவேனோ என்று பயம் வந்துவிட்டது. வீட்டுக்காரருக்கு அன்று ஷிப்டு.

வராந்தாக் கம்பிக்கு அந்தப் பக்கம் தூக்குச் சட்டியோடு நாத்தனார் நின்றிருந்தாள். அழுகையைக் கேட்டுவிட்டு நகராமல் நின்றிருந்தாள். வாக்கா உள்ளே என்றேன். வந்தாள். சட்டியை வைத்தாள். குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து, என் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றாள், எடுக்கவில்லை.

"தொடலாமாம்மே?" என்றாள்.

நான் பிள்ளையை அவள் கையில் வைத்தேன். அவள் தரையில் உட்கார்ந்து, காலிரண்டையும் நீட்டி, குளிப்பாட்டப் போடுகிற மாதிரி அவனை முழங்காலுக்குக் கீழே மல்லாக்கப் போட்டாள். துணியை விலக்கினாள். குழாயைத் தொடாமல், கழுவின கையின் ஈரத்தோடு அவன் தொடையை மட்டும் தடவிக்கொண்டே, இன்னா நைனா, இன்னாத்துக்கு இந்தக் கூச்சல் என்று கருவாட்டுக் கடையில் பேசுகிற மாதிரி சாதாரணமாகப் பேசினாள். அவன் விக்கி விக்கி அழுகையை நிறுத்தினான். அவள் முகத்தையே பார்த்தான். ஒரு தரம் முக்கினான்.

முதலில் சொட்டுதான் வந்தது. பிறகு சொட்டு நூலானது. பிறகு அது எழும்பி வளைந்து அவள் ரவிக்கையில் விழுந்து, கழுத்தில் ஏறி, முகத்தில் அடித்தது. நான் டாக்டரைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அவள் முகத்தைத் திருப்பவில்லை, துடைக்கவில்லை, கண்ணை இறுக மூடிக்கொண்டு அப்படியே இருந்தாள்.

"கத்தாதம்மே" என்றாள் மெதுவாக. "பயந்து நிறுத்திடப் போறான்."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவன் முடிக்கும்வரை நாங்கள் இரண்டு பேரும் அசையவில்லை.